கொசுறுக்கு ஒரு பில்

வள்ளிமயிலைக் கொசுறு கேட்காமல் ஒரு பொருளை வாங்கிவரச் சொல்லுங்கள், பார்ப்போம். நடக்காது. ஊரே கேட்கிற கறிவேப்பிலைக் கொசுறெல்லாம் அவளுக்கு ஒரு கொசுறே இல்லை. செல்போனுக்கு உறை வாங்கினால் திரையில் ஒட்டுகிற கண்ணாடி சும்மா வேண்டும். வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர், போகிற போக்கில் தண்ணீர்த் தொட்டிக்கும் ஒரு பூச்சு பூசிவிட்டுத்தான் ஏணியை எடுக்க முடிந்தது. அவள் கணவன் ராஜபாண்டி எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கம் ஆட்டுக்கிடை போடுகிற வீட்டுப் பிள்ளை. கல்யாணமாகி, மாமனார் வீட்டிலிருந்து கோவில்பட்டிக்குத் தனிக்குடித்தனம் கிளம்பிய அன்றைக்கு, வாசலில் நின்ற செவலைக் குட்டியைக் காட்டி, "மாமா, அதையும் கூட அனுப்புங்க" என்றாளாம்.

பதினாறு வருஷமாக ராஜபாண்டி இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான். "மாப்பிள்ளைக்குக் கொசுறா ஆட்டுக்குட்டி கேட்ட பொம்பள உலகத்துலயே இவ ஒருத்திதாம்லே!"

அவள் விடுவாளா? "தப்பாச் சொல்லாதீங்க. நான் கேட்டது குட்டியத்தான். கொசுறா வந்தது நீங்க."

அவள் நடத்துகிற கடைக்குப் பெயர் மயில் டிரேடர்ஸ். ஒற்றை ஷட்டர் கடை. ஜிப், பட்டன், எலாஸ்டிக், லேஸ். வாங்குகிறவர்கள் அத்தனை பேரும் புதியம்புத்தூரில் ரெடிமேடு தைக்கிற யூனிட்காரர்கள். சின்னப் பிள்ளைகளின் ஃபிராக்குக்கு முதுகில் ஒரு ஜிப் வைப்பார்களே, அந்த ஜிப்தான் அவளுக்குச் சோறு போடுவது.

நூறு ஜிப் உள்ள பாக்கெட்டைப் பிரித்தால் அதில் மூன்றோ நாலோ உருப்படாது. பாதி வழியில் நிற்கும், இல்லையென்றால் துணியைக் கவ்விக்கொள்ளும். தைத்த பிறகுதான் அது தெரியும். யூனிட்காரர்கள் முன்பு வாங்கிக்கொண்டிருந்த சென்னை மொத்த வியாபாரியிடம் சொன்னால், "ஓடாததைத் திருப்பி அனுப்புங்க, பார்க்கலாம்" என்பார். நாலு ஜிப்பைப் பார்சல் கட்டி அனுப்புகிற செலவில் நாற்பது ஜிப் வாங்கிவிடலாம். யார் அனுப்புவார்கள்? வள்ளிமயில் இதற்கு ஒரே வழிதான் செய்தாள். அவள் விற்கிற பாக்கெட்டில் நூற்று நாலு இருக்கும். விலை நூறுக்குத்தான். அந்த நாலுக்காகவே இருபத்திரண்டு யூனிட்கள் சென்னைக்காரரை விட்டுவிட்டு அவள் பக்கம் வந்துவிட்டன.

அந்த நாலை அவள் தன் கைக்காசைப் போட்டுக் கொடுக்க முடியுமா? அதனால் ஜிப் அனுப்புகிறவளிடமே கேட்டாள்.

அனுப்புகிறவள் சீனாவில் இருக்கிற லின். முப்பது பேர் வேலை செய்யும் சின்னத் தொழிற்சாலை அவளுடையது. லின்னுக்குத் தமிழ் தெரியாது, வள்ளிமயிலுக்குச் சீனம் தெரியாது, நடுவில் செல்போனில் மொழிபெயர்க்கிற ஒரு ஆப். அந்த ஆப்புக்கோ வள்ளிமயில் பேசுகிற தமிழ் பிடிபடாது. "என்னட்டி செய்யுத?" என்று கேட்டால் திகைத்துப்போய்ச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் லின்னிடம் மட்டும் அவள் வானொலியில் செய்தி வாசிப்பதைப் போலப் பேசுவாள். "வணக்கம் லின். தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?" ராஜபாண்டி வாயைப் பொத்திக்கொண்டு கடைக்கு வெளியே ஓடிவிடுவான்.

செய்தி வாசித்தும் கொசுறு மட்டும் அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. ஆப் என்னத்தைச் சொல்லி வைத்ததோ, "மன்னிக்கவும், நான் லஞ்சம் கொடுப்பதில்லை" என்று பதில் வந்தது. அட கிரகமே என்று வள்ளிமயில் வீடியோ காலில் கூப்பிட்டாள். மேஜையில் நூறு ஜிப்பை எண்ணி வைத்து, இதற்குப் பணம் என்று விரலைத் தேய்த்துக் காட்டினாள். அப்புறம் நாலு ஜிப்பை எடுத்து அதன் மேலே வைத்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். லின்னின் மடியில் அவள் மகள் உட்கார்ந்திருந்தது, ஆறு வயது. அம்மாவுக்கு முன்னால் அதற்குப் புரிந்துவிட்டது. பக்கத்திலிருந்த கூடையில் நாலு ஜிப்பை அள்ளி அம்மாவின் தலைமேல் வைத்தது. லின் விழுந்து விழுந்து சிரித்தாள். "கொசுறு" என்று வள்ளிமயில் சொல்லிக் கொடுக்க, அம்மாவும் மகளும் "கோ-சூ-ரு" என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து பாக்கெட்டுக்கு நூற்று நாலு வந்தது.

பொருள்தான் லின்னுடையது, பில் அவளுடையது அல்ல. அந்தப் பக்கத்துச் சின்னத் தொழிற்சாலைகள் வெளிநாட்டுக்கு நேரே பில் போடுவதில்லையாம். எல்லாருக்கும் சேர்த்து வேறொரு பட்டணத்தில் இருக்கிற ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று போடும், பணமும் அந்தக் கம்பெனிக்குத்தான் போகவேண்டும். லின் இத்தனை பாக்கெட் என்று சொல்லுவாள். அங்கே இருக்கிற கிளார்க் அதை நூறால் பெருக்கிப் பில் அடித்துவிடுவார். நூற்று நாலு என்கிற சங்கதியே அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவுமில்லை. கொசுறைப் போய் யாராவது பில்லில் எழுதுவார்களா?

முதன்முதலாகத் தன் பெயரில் பணம் அனுப்பப் போனபோது பேங்க் மேனேஜரே கேட்டார். "பொருள் ஒருத்தர்கிட்ட, பில் இன்னொருத்தர்கிட்டயா? இது என்னம்மா ஏற்பாடு?"

"சார், எங்க மாமனார் ஆட்டைச் சந்தைக்குக் கொண்டுபோனா துண்டுக்குள்ள கையைப் பிடிச்சு விலை முடிக்கிறது தரகர்தான். அதுக்காக ஆடு தரகர் வீட்டு ஆடாயிருமா?"

மேனேஜர் சிரித்து, இன்னும் இரண்டு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தை அனுப்பினார்.

அதுவரைக்கும் அவளுடைய சரக்கு சென்னையில் வேறொரு இறக்குமதிக்காரருடைய சரக்கோடு சேர்ந்து, அவர் பெயரில்தான் வந்துகொண்டிருந்தது. இந்தத் தடவைதான் அவளே இறக்குமதி எண் வாங்கி, மயில் டிரேடர்ஸ் பெயரில், தூத்துக்குடித் துறைமுகத்துக்கே வரவழைத்தாள். முப்பது பெட்டி, அறுநூறு பாக்கெட், எல்லாம் தீபாவளி ஃபிராக்குக்கான ஜிப். கப்பல் வந்துவிட்டது என்று தெரிந்த அன்றைக்குக் கடைக்கு எதிரே டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் வடை வாங்கிக் கொடுத்தாள். பத்து வடைக்கு ஒரு வடை கொசுறும் வாங்கினாள்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும். திங்கட்கிழமை மத்தியானம் தூத்துக்குடியிலிருந்து செண்பகராஜ் அண்ணாச்சி கூப்பிட்டார். அவர் கிளியரிங் ஏஜெண்ட். துறைமுகத்துக்கு வருகிற சரக்குக்குப் பேப்பர் எழுதி, வரி கட்டி, வெளியே எடுத்துக் கொடுப்பது அவர் வேலை.

"தங்கச்சி, கஸ்டம்ஸ்ல பெட்டியத் தொறந்து எண்ணிட்டாவ."

"எண்ணட்டும் அண்ணாச்சி. முப்பது இருக்கும்."

"பெட்டிய இல்லம்மா. ஜிப்ப. ஒவ்வொண்ணா."

வள்ளிமயில் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அஞ்சு பாக்கெட்டப் பிரிச்சிருக்காவ. அஞ்சுலயும் நூத்தி நாலு. பில்லுல நூறு. மறைச்சுக் கொண்டுவந்த சரக்குன்னு எழுதப்போறாவ. அப்படி எழுதிட்டா, இனிமே ஒங்க பேருல எது வந்தாலும் ஒவ்வொரு பெட்டியா ஒடச்சுத்தான் பாப்பாவ. எனக்கு ஒரு யோசனை தோணுது. பேக்கிங்ல நடந்த தப்புன்னு அந்தச் சீனாக்காரம்மாகிட்ட ஒரு லெட்டர் வாங்கிருங்க. நாளைக்கு வந்து ஆபீசர் அம்மாவப் பாத்து நீங்களும் அதையே சொல்லிருங்க."

வள்ளிமயில் ஆயிரம் கடையில் கொசுறு வாங்கியிருக்கிறாள். அதற்குக் காகிதம் எங்கே என்று ஒருத்தர் கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்துப் புதியம்புத்தூரிலிருந்து பேச்சித்தாய் அக்காவின் போன். பதினோரு மிஷின் வைத்து யூனிட் நடத்துகிறவள். அவள் எந்தப் பக்கம் சாய்கிறாளோ அந்தப் பக்கம்தான் மற்ற யூனிட்களும் சாயும்.

"ஏட்டி வள்ளி, எங்கட்டி ஜிப்பு? முதுகு தொறந்தாக்குல ஃபிராக்காத் தச்சுக் குமிச்சு வச்சிருக்கேன். மெட்ராஸ்காரன் இங்கன வந்து சேரப் போட்டு உக்காந்திருக்கான்."

"ரெண்டு நாளு பொறுங்கக்கா."

"சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பொறுக்கேன். அதுக்கு மேல எனக்கு வழியில்லட்டி. ஆனா அவன்கிட்ட வாங்கினா, பொங்கலுக்கும் பள்ளிக்கூட யூனிபாரத்துக்கும் சேத்து எழுதி வாங்கிட்டுத்தான் சரக்க எறக்குவான். அப்புறம் நானே நெனச்சாலும் ஒன்கிட்ட வர முடியாது."

பேச்சித்தாய் மிரட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் ஜிப் போகவில்லையென்றால் மயில் டிரேடர்ஸின் ஷட்டரை ஒரேயடியாக இறக்கிவிடலாம்.

மறுநாள் காலையிலேயே ராஜபாண்டியின் குட்டியானை வேனில் இரண்டு பேரும் கிளம்பினார்கள். முந்தின நாள் மழை பெய்து கரிசல் பூராவும் ஈரமாகக் கிடந்தது. விதைப்புக்கு ஆட்கள் இறங்கியிருந்தார்கள். ராஜபாண்டி ஒவ்வொரு புஞ்சையாகப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தான். வள்ளிமயிலுக்கு எதுவும் கண்ணில் படவில்லை. எட்டயபுரம் தாண்டியதிலிருந்து, "பேக்கிங் தப்பு மேடம், தெரியாம நடந்துபோச்சு மேடம்" என்று உதட்டுக்குள் சொல்லிப் பழகிக்கொண்டே வந்தாள்.

"ஏட்டி, பொய் சொல்லப் போறதுக்கு இம்புட்டு ஒத்திகையா?"

"பேசாம வண்டிய ஓட்டுங்க."

துறைமுகக் கிடங்கின் வாசலில் செண்பகராஜ் நின்றார். குலசை அம்மன் கோவில் தசராவுக்கு மாலை போட்டுக் கழுத்தில் ருத்ராட்சம், இடுப்பில் சிவப்பு வேட்டி. அவர்தான் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ஆபீசர் அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், நாகர்கோவில் பக்கத்துக்காரர். மேஜையில் ஐந்து பாக்கெட்டும் பிரித்துக் கிடந்தன. வள்ளிமயில் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"ஒண்ணுல ரெண்டு கூட, ஒண்ணுல ஏழு கூடன்னு இருந்தா பேக்கிங் தப்புன்னு நானே எழுதிக்கிடுவேன். அஞ்சிலயும் அச்சடிச்சாப்ல நாலு. தப்பு இவ்வளவு ஒழுங்கா நடக்காதும்மா. என்ன இது?"

முப்பது மைல் ஒத்திகை பார்த்த பொய் தொண்டையிலேயே செத்துப்போனது. செண்பகராஜ் கண்ணைக் காட்டினார், லேசாக இருமினார். வள்ளிமயில் அவரைப் பார்க்கவே இல்லை.

"கொசுறு மேடம்" என்றாள்.

"என்னது?"

"கொசுறு. நான்தான் கேட்டேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல."

அப்புறம் நிற்கவில்லை. ஓடாத ஜிப், சென்னை வியாபாரி, பேச்சித்தாயின் பதினோரு மிஷின், லஞ்சம் கொடுப்பதில்லை என்று வந்த பதில், அந்தப் பிள்ளை அம்மாவின் தலையில் வைத்த நாலு ஜிப், எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். போனை எடுத்து, நூறு ஜிப்பின் மேல் நாலை வைத்து அன்றைய வீடியோ காலின்போது எடுத்த படத்தையும் காட்டினாள். செண்பகராஜ் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

ஆபீசர் அம்மா படத்தையே பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கொசுறுன்னா எனக்குத் தெரியாதா? கறிவேப்பிலை கொசுறு வாங்காம நான் மார்க்கெட்டை விட்டு வெளிய வந்ததில்ல. ஆனா அது கப்பல்ல வாறதில்லயே! சும்மா வந்தாலும் பொருளுக்கு ஒரு விலை இருக்கும்மா. நாட்டுக்குள்ள வந்தா அந்த விலைக்கு வரி இருக்கு. பில்லில அதை ஒரு வரி எழுதியிருந்தா உங்க சரக்கு நேத்தே வீட்டுக்குப் போயிருக்கும்."

"எழுதணும்னு தெரியாது மேடம்."

"தெரியாததுக்கும் அபராதம் உண்டு. மறைக்காம சொல்லிட்டீங்க, சின்னதாப் போடுறேன். லெட்டரெல்லாம் எனக்கு வேண்டாம். பில் போட்ட கம்பெனிகிட்டயிருந்து, அந்த நாலுக்கும் விலை எழுதின புது பில் வேணும். நாளைக்கும் நாளைக்கழிச்சும் லீவு. வெள்ளிக்கிழமை காலையில என் மேஜைக்கு வந்துட்டா, அன்னைக்குச் சாயங்காலம் சரக்கை எடுத்துக்கலாம்."

வள்ளிமயிலுக்கு உயிர் திரும்பி வந்தது. கும்பிட்டாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி நின்று, "மேடம், அந்த அபராதத்துல ஏதாவது கொஞ்சம்..." என்று ஆரம்பிக்க, செண்பகராஜ் அவளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியே கொண்டுவந்து சேர்த்தார்.

வெள்ளிக்கிழமைக்குள் கொசுறையும் எழுதின புது பில் வேண்டும் என்று உடனே லின்னுக்குச் செய்தி போனது. பதில் வந்தபோது வள்ளிமயில் குட்டியானையில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

'மதிப்பிற்குரிய மயில் அவர்களே. மிகுந்த வருத்தம். இன்று முதல் எங்களுக்கு எட்டு நாட்கள் தேசிய விடுமுறை. பில் நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. பில் எழுதும் சகோதரர் தனது திருமணத்திற்காகத் தொலைபேசியை அணைத்துவிட்டுச் சொந்த ஊருக்குச் சென்றுவிட்டார். அது இங்கிருந்து ரயிலில் ஆறு மணி நேரம்.'

எட்டு நாள். சனிக்கிழமைக்கு நாலே நாள்தான் இருந்தது.

"போய்ப் பாத்து வாங்கிக் குடுன்னு கேளேன்" என்றான் ராஜபாண்டி.

வள்ளிமயில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உலகத்தில் யாரிடமும் எதையும் கேட்கக் கூசாதவள். வருஷம் முழுக்க மிஷினோடு மல்லுக்கட்டுகிற ஒருத்திக்குக் கிடைக்கிற எட்டு நாள் லீவு. பக்கத்தில் அந்தப் பிள்ளை வேறு, அம்மா எப்போது வீட்டில் இருப்பாள் என்று காத்துக்கொண்டிருக்கும். ஆறு மணி நேரம் ரயில் ஏறிப்போய் இன்னொருத்தர் கல்யாணத்தில் எனக்காக நில் என்று எப்படிச் சொல்வது?

"கேக்கத் தெரியாதவளா நானு? ஆனா இத எப்படிக் கேக்க?" என்றவளுக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, 'பரவாயில்லை லின். விடுமுறையை மகளுடன் மகிழ்ச்சியாகக் கழியுங்கள்' என்று அனுப்பினாள். ராஜபாண்டி அதற்குப் பிறகு வீடு வந்து சேரும் வரைக்கும் ஒரு கேலி பேசவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

புதன்கிழமை ஆயுத பூஜை. கடையைக் கழுவி, தராசுக்கும் கால்குலேட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். ராஜபாண்டி வண்டியைக் குளிப்பாட்டி வாழைக்கன்று கட்டினான். யாவாரம் பூராவும் அதற்குள்தான் இருக்கிறது என்று வள்ளிமயில் செல்போனுக்கும் ஒரு பொட்டு வைத்து, பொரிகடலைத் தட்டுக்குப் பக்கத்தில் சாத்திவைத்துக் கும்பிட்டாள். வேண்டுதல் என்று ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. பேச்சித்தாயின் போன் இரண்டு தடவை வந்தது. அவள் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் சோற்றில் கை வைத்தபோது ஒரு படம் வந்தது.

படத்தில் ஒரு மாப்பிள்ளை. கறுப்புக் கோட்டு, நெஞ்சில் பெரிய சிவப்புப் பூ. பக்கத்தில் பொண்ணு பொறுமை இழந்து நிற்கிறாள். மாப்பிள்ளையோ குனிந்து மடிக்கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் லின், வாயெல்லாம் பல்லாக. லின்னின் இடுப்பில் அந்தப் பிள்ளை, கையில் நாலு விரலை விரித்துக் காட்டிக்கொண்டு.

படத்துக்குக் கீழே பில்.

முதல் வரி, ஜிப், அறுபதாயிரம். இரண்டாவது வரியில், இங்கிலீஷ் எழுத்தில், கொட்டை கொட்டையாக, 'கொசுறு'. இரண்டாயிரத்து நானூறு. பக்கத்தில் விலை. பணம் வாங்கவில்லை என்று ஒரு குறிப்பு. கீழே, மடிக்கணினியிலேயே பதித்த கம்பெனியின் சிவப்பு முத்திரை.

வள்ளிமயில் எச்சில் கையோடு எழுந்து தெருவுக்கே ஓடிவந்துவிட்டாள். "ஏங்க! இங்க பாருங்க! கொசுறுக்குப் பில்லு போட்டுட்டாவ!"

செண்பகராஜுக்கு அனுப்பினாள். அவர் அன்றைக்குக் குலசையில் நேர்த்திக்கடனுக்குக் கரடி வேஷத்தில் இருந்தார். தசராக் கூட்டத்தின் கொட்டுச் சத்தத்துக்கு நடுவில் கரடி போன் பேசியது. "வந்துட்டா? கம்பெனி முத்திரை இருக்கா? தெளிவா இருக்கா? ஆத்தா காப்பாத்திட்டா! காலையில எட்டு மணிக்கு வந்துருங்க தங்கச்சி!"

வெள்ளிக்கிழமை காலையில் கரடி முகத்தைக் கழுவிவிட்டு வந்திருந்தது. காதோரம் மட்டும் கறுப்புச் சாயம் போகவில்லை. ஆபீசர் அம்மா புது பில்லை மேலிருந்து கீழே வாசித்தார். இரண்டாவது வரியில் விரல் நின்றது.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ். இப்படி ஒரு சரக்கு நம்ம ரிக்கார்டுல ஏறுறது இதுதான் முதல் தடவை" என்றார். முகத்தை என்னவோ கடுமையாகத்தான் வைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பில்லைப் பக்கத்து மேஜைக்காரரிடம் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். வரியும் அபராதமும் கட்டி, முப்பது பெட்டியும் குட்டியானையில் ஏறும்போது சாயங்காலம் ஐந்தரை. அபராதத்தில் குறைக்கச் சொல்லி அவள் வாயைத் திறக்கவில்லை. செண்பகராஜ் இதை ஊரெல்லாம் சொன்னார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குட்டியானை புதியம்புத்தூரில் போய் நின்றது. சென்னைக்காரர் நிஜமாகவே வாசலில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். பேச்சித்தாய் முதல் பெட்டியைத் தானே உடைத்து, ஒரு பாக்கெட்டைப் பிரித்து எண்ணினாள். தொண்ணூற்று ஒன்பது, நூறு என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். துறைமுகத்தில் சரக்கு நின்ற பிரச்சினையெல்லாம் அவளும் கேள்விப்பட்டிருந்தாள்.

"இந்தத் தடவை கொசுறு கெடையாதுன்னுல்லா நெனச்சேன்."

"எண்ணுங்கக்கா."

நூற்று ஒன்று, நூற்று இரண்டு, மூன்று, நாலு.

"வரி கட்டின கொசுறுக்கா. கவுர்மெண்டு பாத்து, கையெழுத்துப் போட்டு அனுப்பின கொசுறு. பத்திரமா வச்சுத் தைங்க."

தையல்காரப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பதினோரு மிஷினும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தன. சென்னைக்காரர் சேரை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு, அவரும் ஒரு பாக்கெட்டை வாங்கி எண்ணிப் பார்த்தார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில், வாசலில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு வள்ளிமயில் லின்னைக் கூப்பிட்டாள். லின் ஊர் திரும்பியிருந்தாள். செய்தி வாசிக்கிற குரலில் நன்றியெல்லாம் சொல்லி முடித்து, ரயில் கட்டணம் எவ்வளவு, கல்யாணத்தில் வைத்த மொய் எவ்வளவு, எல்லாவற்றையும் தான் தந்துவிடுவதாகச் சொன்னாள்.

லின் ஆப்பை எடுக்கவே இல்லை. திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, தன் சொந்தக் குரலில் சொன்னாள்.

"கோ-சூ-ரு."

வாழ்நாளில் வள்ளிமயில் வாங்கிய கொசுறெல்லாம் கேட்டு வாங்கியது, சண்டை போட்டு வாங்கியது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாங்கியது. கேட்காமல் வந்தது இது ஒன்றுதான். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவும் தோன்றாமல் நின்றவளைப் பார்த்து, திரையில் அந்தப் பிள்ளை பயந்துபோய் அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் கோவில்பட்டியில் கூரியர் ஆபீஸில் நல்ல கூட்டம். வள்ளிமயில் ஒரு பார்சலை மேஜையில் வைத்தாள். உள்ளே ஊதா நிறத்தில் ஒரு ஃபிராக், ஆறு வயதுப் பிள்ளையின் அளவு. பேச்சித்தாய் தன் கையாலேயே தைத்தது. முதுகில் லின்னின் ஜிப்.

கவுண்டரில் இருந்தவர் முத்துகிருஷ்ணன். ஃபாரத்தை எழுதிக்கொண்டே, "சீனாவுக்கா? விக்கிறதுக்கா, அன்பளிப்பா?" என்று கேட்டார்.

"அன்பளிப்புதான் அண்ணாச்சி."

"அப்போ மதிப்பு சைபர்னு போட்டுருதேன்."

"போடாதீங்க!" அவள் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "சும்மா குடுத்தாலும் அதுக்கு ஒரு விலை உண்டு. உள்ளத எழுதுங்க. அங்கன ஒருத்தி எனக்காகக் கல்யாண வீட்டுல போய் நின்னுருக்கா. அவ சரக்கு ஒரு இடத்துலயும் நிக்கப்பிடாது."

முத்துகிருஷ்ணன் விலையை எழுதினார். பார்சலைப் பிரித்துச் சரிபார்த்தவர், ஃபிராக்குக்கு அடியிலிருந்து உள்ளங்கை அகலத்தில் இன்னொன்றை எடுத்தார். அதே ஊதாத் துணியில், வெட்டி மிஞ்சிய துண்டில் தைத்த பொம்மை ஃபிராக். அதற்கும் முதுகில் ஜிப் இருந்தது.

"இது ஃபாரத்துல இல்லயேக்கா?"

"அதுக்கு ரெண்டாவது வரி போடுங்க" என்றாள் வள்ளிமயில். "கொசுறுன்னு எழுதி, அதுக்கும் ஒரு விலை போடுங்க."